மெஷின் எண்ணிய நாலாயிரம்

அம்பத்தூர் ஆய்வுக்கூடத்தில் என் உத்தியோகம், கண்ணாடித் தகட்டில் அணுத்துகள்கள் ஓடிய தடங்களை மைக்ராஸ்கோப்பில் தேடி எண்ணுவது. அதைத் தானாகவே செய்ய ஒரு மெஷின் வந்து இறங்கியது.

“ஒரே தகடு, கஜபதி. முதல்ல நீங்க எண்ணுங்க, அப்புறம் மெஷின். அது சரியா எண்ணிட்டா உங்களுக்கு இங்க வேலை இல்ல,” என்றார் மேலதிகாரி ரகுநாதன் சார்.

என் வீரம் ஊரறிந்தது. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தகட்டின் மேல் கவிழ்ந்து, நெற்றியைப் புறங்கையால் தேய்த்துத் தேய்த்து எண்ணி முடித்தேன். பதினாலு.

மெஷின் அசராமல் எண்ணியது. நாலாயிரம்!

செத்தேன் என்று நினைத்தேன். மனுஷக் கண்ணுக்கு எட்டாததெல்லாம் அதற்குத் தெரிகிறதே!

சார் முகம் சுளித்தார். “வெளிநாட்டுல இதே தகட்டை எண்ணித்தான் அனுப்பினாங்க. பதினாலுதான். மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. ரிப்பேர் பண்ணி அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம்.”

பருத்திப்பட்டில் என் பெண்டாட்டி பூங்காவனம் வீட்டு வாசலிலேயே மறித்தாள்.

“இன்னாய்யா, வேல கீதா?”

“கீது. மெஷின் இல்லாததையெல்லாம் எண்ணிடுச்சு.”

“அது கெடக்கட்டும். வேல நிலைக்கணும்னு காலைல நெத்தி நெறைய துன்னூறு பூசி அனுப்பினேனே, எங்கய்யா?”

நெற்றியைத் தடவினேன். துளி இல்லை. மொத்தமும் அந்தத் தகட்டில் உதிர்ந்திருக்கிறது! தூசி எது, தடம் எது என்று என் கண்ணுக்குத் தெரியும். பாவம், மெஷினுக்குத் தெரியவில்லை.

விஷயத்தை அவளிடம் உளறினேன். “சாருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்டி! அடுத்த வாரம் வேற மறுபடி வைக்கறாங்க!”

பூங்காவனம் சாமி மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“வைக்கட்டும். இன்னும் பட்டையா பூசி அனுப்பறேன்.”