மீட்புப் பணம்

கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. இருந்த ஒரே ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். விமானி கர்டிஸ் டால்க்ரென் சுவரில் பதினோராவது கோட்டைக் கீறினான். விமானம் செங்கடலில் விழுந்து இரண்டு வாரம். இந்த அறைக்கு வந்து பதினோரு நாள்.

காவலாளி தட்டை நீட்டினான். இன்றும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டிதான்.

"என்னை எப்பப்பா விடுவீங்க?"

"பணத்துக்கு வழி பொறந்ததும்."

"வாஷிங்டன்காரங்க அசைய மாட்டாங்க. உனக்கே தெரியும்."

"தெரியாமயா? எங்க சம்பளமே இந்தத் தடவை வருமான்னு சந்தேகம்." காவலாளி ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"பொண்டாட்டிக்கு ஒரே ஒரு போன். அவளுக்கு இந்த வாரம் பிரசவம். நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டிருப்பா."

"நீங்க உயிரோட இருக்கறது வெளிய தெரியக் கூடாது. பெரியவர் உத்தரவு. ஜன்னல் பக்கமும் போகாதீங்க. யாராவது பாத்துட்டா என் தோலை உரிச்சிடுவார்."

"அந்த மனுஷனை இங்க வரச் சொல்லு."

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. காவலாளி ரொட்டியை அவசரமாக விழுங்கிவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தான்.

கக்கத்தில் கோப்போடு உள்ளே வந்தார் கர்னல் ப்ரூஸ்டர். அவர் தோளில் தைத்திருந்ததும், கர்டிஸின் தோளில் கிழிந்து தொங்கியதும் ஒரே கொடி.

"நல்ல செய்தி, லெப்டினன்ட்," என்று தொண்டையைச் செருமினார். "தனியா சிக்கிக்கிட்ட வீரரை மீட்கப் பணம் செலவழிக்கிற அதிகாரம் நமக்கு முப்பதாம் தேதியோட முடிஞ்சு போச்சு. கடல்லேர்ந்து உங்களைத் தூக்கின மீனவர் நம்ம முகாம்ல கொண்டாந்து விட்டது ஒண்ணாம் தேதி. படகுக்கூலி குடுத்தா சட்டவிரோதம். குடுக்கலைன்னா அடுத்த ஆளை எவனும் காப்பாத்த மாட்டான். அதனாலதான் நீங்க இன்னும் வந்து சேரலைன்னு எழுதிவெச்சோம். இன்னைக்குக் காலைல அதிகாரத்தைப் புதுப்பிச்சிட்டாங்க."

"அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா, சார்?"

"தாராளமா. ஆனா இந்தப் புது அதிகாரம் இனிமே மீட்கப்படறவங்களுக்கு மட்டும்தான்."

கர்னல் கோப்பை மூடினார்.

"மீனவர் படகோட காத்திட்டிருக்கார். சாயங்காலத்துக்குள்ள ஒருதடவை காணாமப் போயிட்டு வந்துடுங்க."