பொம்மை வேலை

"யூனிவர்சிட்டியில அஞ்சு வருஷம் பிசிக்ஸ் படிச்சிட்டு, பொம்மையைப் படுக்கவெச்சு விளையாடற. கேக்கறவங்களுக்கு நான் என்னடி பதில் சொல்ல?" என்று செருப்பைத் தேடிக்கொண்டே அலுத்துக்கொண்டாள் அம்மா.

"விளையாட்டு இல்லம்மா, வேலை." மகள் குனிந்து செருப்பை மாட்டிவிட்டாள்.

"உன்கூடப் படிச்சவன் வானிலை ஆபீஸ்ல இருக்கான். இன்னொருத்தி காலேஜ்ல பாடம் எடுக்கறா. நீ என்னடான்னா, நேத்து நேரங்கழிச்சு வந்து, பொம்மை சரியாப் படுக்கலைங்கற."

"இன்னிக்குத்தான் நேர்லயே பாக்கப்போறியே. வா."

வழியெல்லாம் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை. மகள் வேலை பார்க்கும் கட்டிடத்தின் வாசலில் இறங்கியதும் ஓய்ந்துவிட்டது. உள்ளே கொடுத்த நீல அங்கியை அம்மா போட்டுக்கொண்டு, பெரிய மெஷினுக்கு அடியிலிருந்த மேஜையில் ஏறிப் படுத்தாள். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை கிடந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர். "உங்க கட்டிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து எவ்வளவு கதிர் பாயணும்னு கணக்குப் போட்டதே உங்க பொண்ணுதான். நேத்து அதே கதிரை அந்தப் பொம்மை மேல விட்டு, சரியான இடத்துல விழுதான்னு திரும்பத் திரும்பப் பாத்தாங்க."

அம்மா மகளின் கையைப் பிடித்தாள்.

"பொம்மைக்கு வலிச்சுதாடி?"

"இல்லம்மா. ஆனா மெஷின் ஓடறப்ப நான் உன் பக்கத்துல நிக்க முடியாது."

"அதுக்கா அழற? கண்ணைத் தொடச்சிட்டு வெளிய போ. உன் பொம்மையைவிட நான் சமத்தாப் படுத்திருப்பேன்."