நாற்பத்தொரு பச்சை

"ஜீப் மேட்டுக் கொலனிக்குத்தான் போகணும் சேர், நான் செல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"பாலத்தடிக்குப் போகட்டும்னு சொல்றேன்ல. ஒரு வாட்டி சொன்னா..."

"கேட்டாத்தானே சேர்."

"முதல்ல நீ கேளு பிள்ளை."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கண்டி நகரத்தில் மூன்றாம் மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

கிருஷ்ணராஜ் இருபத்தாறு வருஷமாக மலைச்சரிவுகளை அளக்கிறவர். எந்த மண் எவ்வளவு மழை தாங்கும், எந்த வெடிப்பு சும்மா, எந்த வெடிப்பு ஆளை விழுங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். ஷிபானா, மண்சரிவு எச்சரிக்கை ஆப்பின் புரொடக்ட் மேனேஜர். வந்து எட்டு மாதம். அதற்கு முன் கொழும்பில் சாப்பாடு ஓடர் பண்ணுகிற ஆப் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

கடுகண்ணாவைப் பக்கம் எதிரெதிர் மலைகளில் இரண்டு குடியிருப்புகள். பத்து நிமிஷத்துக்கு முன் இரண்டிலும் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஆப் வழியாகச் சைரன் அனுப்பியாயிற்று. 'பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டோம்' என்ற பொத்தானை அழுத்திய வீடு திரையில் பச்சையாகும். மேட்டுக் கொலனியில் நாற்பத்தொரு வீடும் பச்சை. பாலத்தடியில் முப்பதில் ஆறுதான். ஒலிபெருக்கி கட்டின ஜீப்போ ஒன்றே ஒன்று, சந்தியில் நிற்கிறது.

"மண்ணு முதல்ல எங்க இறங்கும் சேர்? நீங்களே செல்லுங்க."

"மேட்டுக் கொலனி. அரை மணித்தியாலம்கூடத் தாங்காது."

"அப்ப ஜீப் அங்கதானே போகணும்?"

"ஆளில்லாத ஊருக்கு எதுக்கு ஜீப்பு? நாய்க்கு அறிவிக்கவா? நாற்பத்தொரு வீடும் கோயில் மண்டபத்துல வந்து நிக்குது. பாலத்தடிக்காரன்தான் இன்னும் வீட்டுக்குள்ள குந்திக்கிட்டிருக்கான்."

"எனக்கு அந்தப் பச்சையில நம்பிக்கை வரல்ல."

"ஏன்?"

"ஏனெண்டு கேட்டா வடிவாத் தெரியா. ஆக்கள் இவ்வளவு ஒழுங்கா சொல்லுக் கேக்கிறத நான் எங்கயும் கண்டதில்ல."

"கொத்து ரொட்டி ஆப்புல கண்டிருக்க மாட்ட. இது உசிரு."

ஷிபானாவின் முகம் சிவந்தது. "மண்ணப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியாதுதான் சேர். ஆக்களப் பத்திக் கொஞ்சம் தெரியும். இந்த மாசம் மட்டும் மேட்டுக் கொலனிக்கு ஒன்பது தரம் சைரன் அடிச்சீக்கிறோம். ஒண்டும் நடக்கல்ல. சத்தத்த நிப்பாட்ட தனியா ஒரு பொத்தான் வைப்போமெண்டு அண்டைக்கே கேட்டேன்."

"வச்சா என்னா பண்ணுவாங்க? நிப்பாட்டிட்டு இழுத்துப் போத்திக்கிட்டுப் படுப்பாங்க. மண்டபத்துக்கு வந்து 'வந்துவிட்டோம்'னு அழுத்தினாத்தான் சத்தம் நிக்கணும்னு நான்தான் ஒத்தைக் கால்ல நின்னேன். அதோட பலன் இதோ, கண்ணு முன்னால பச்சை பச்சையா நிக்குது."

ஷிபானா எதையோ யோசிப்பவள் போலத் திரையையே பார்த்தாள்.

"என் வீடும் அந்த நாற்பத்தொண்ணுல ஒண்ணுதான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "என் சம்சாரமும் ரெண்டு பிள்ளைகளும் அங்கதான். அனுஷியா பேரு எத்தனையாவதா இருக்கு? பாரு."

"முதலாவது சேர்."

"ஒன்பது தரமும் அவதான் முதலாவது. அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். வெறும் வீட்டுக்கு ஜீப்பை அனுப்பிட்டு, பாலத்தடியில நாலு பேரு போய்ட்டா, தன் வீட்டைப் பார்த்துக்கிட்டான்னு ஊரு சொல்லாதா?"

தொலைபேசி அலறியது. ஜீப் ஓட்டும் பளீல்.

"சேர், இடப்பக்கமா, வலப்பக்கமா? ரோட்டுல தண்ணி ஏறுது."

"பாலத்தடி," என்றார் கிருஷ்ணராஜ்.

ஷிபானா திரைப்பக்கம் திரும்பினாள். மலையை அறிந்தவர் அவர். முடிவெடுக்கிற அதிகாரமும் அவருக்குத்தான்.

அவர் மழைமானியின் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரையில் ஒவ்வொன்றாக எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மேசையில் தேத்தண்ணீர் ஆடை கட்டியது.

மறுபடியும் பளீல். மூச்சு வாங்கியது.

"சேர், பாலத்தடியில ஒரு வீட்டுலயும் சனமில்ல. சைரன் கேட்டதும் போனையெல்லாம் போட்டுட்டு ஓடிட்டாங்களாம். முழுச்சனமும் பள்ளிக்கூடத்துல நிக்கிறாங்க. சேர்... எதிர்ப்பக்கம் மேட்டுக் கொலனி மொத்தமா இறங்கிட்டு. என்ட கண்ணுக்கு முன்னால. ஒரு கூரையும் தெரியல்ல."

கிருஷ்ணராஜ் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் சொன்ன இடம், அவர் சொன்ன நேரம்.

"நல்ல காலம்," என்றார், நெஞ்சில் கை வைத்து. "வெறும் வீடுகதான்."

அனுஷியாவின் இலக்கத்துக்கு எடுத்தார். மணி போகவில்லை. "டவர் விழுந்திருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு தரம் எடுத்தார்.

ஷிபானா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். பச்சைப் பெயர்களுக்குப் பக்கத்தில், இந்த எட்டு மாதத்தில் அவளும் பார்க்காத, அவரும் கேட்காத ஒரு வரிசை விரிந்திருந்தது. சைரன் தொடங்கி எத்தனை செக்கனில் பொத்தானை அழுத்தினார்கள் என்ற வரிசை. பதினொன்று. ஒன்பது. ஏழு. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக, அனுஷியா: நாலு.

திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"சேர், உங்கட வீட்டுல இருந்து கோயில் மண்டபத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரம் எடுக்கும்?"