பிம்பு டான்ஸ்

வந்தவனுக்கு அவள் தண்ணீர் கொடுக்கவில்லை.

கத்திரி வெயிலில் மூன்று மாடி ஏறி வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காருங்கள் என்றுகூட அவள் சொல்லவில்லை. அவனாகவே உட்கார்ந்துகொண்டான்.

பெயர் தினகர். ‘அரை டவுசர்’ என்று ஓர் இணையதளம் நடத்துகிறான். பழைய மிட்டாய், பழைய பொம்மை, பழைய விளம்பரம் என்று எதையாவது தோண்டியெடுத்துப் போட்டு, ஞாபகம் இருக்கா மக்களே என்று கேட்பான். மக்களும் வேலைவெட்டி இல்லாமல் வந்து கண்கலங்கிவிட்டுப் போவார்கள்.

அங்கே எல்லோருக்கும் செல்லம், பிம்பு கரடி.

பிம்பு ஆரஞ்சு மிட்டாய் நின்றுபோய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. கரடியை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். பொருட்காட்சியில் மிட்டாய் விளம்பரத்துக்கு நின்ற அந்த வேஷக் கரடி ஆடிய ஆட்டத்தை இப்போது தொப்பை போட்டவர்களெல்லாம் ஆடி, வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். தலையில் இரண்டு தட்டு. கழுத்தில் இரண்டு தட்டு. மறுபடி தலையில். கடைசியில் மல்லாந்து விழ வேண்டும். விழுந்தால்தான் முழு டான்ஸ்.

செம காமெடி, என்று கீழே எழுதியிருந்தார்கள். சின்ன வயசில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம்.

பிம்பு டான்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவன் இவன்தான்.

கரடியின் தலை பீரோ மேல் இருந்தது. பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

“அக்கா, ஒரிஜினலா?”

அவள் தலையசைத்தாள்.

அதற்குள் இருந்தவர் அவளுடைய அப்பா.

எல்லாவற்றையும் இவனுக்கு எழுதித்தான் அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கம். தலை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

அதனால் மறுபடி சொன்னாள்.

அந்தத் தலை தோள் வரை இறங்கும். அக்குளுக்கடியில் வார், முதுகில் இரண்டு கொக்கி. போட்டுக்கொண்டவரால் கழற்ற முடியாது. இன்னொருவர்தான் கழற்றிவிட வேண்டும். பிள்ளைகள் முன்னால் கரடி பேசக் கூடாது என்பது கம்பெனி போட்ட சட்டம். அதனால் அப்பாவும் ஸ்டால் சூப்பர்வைசரும் சைகை பேசி வைத்திருந்தார்கள். தலையில் இரண்டு தட்டு என்றால், கழற்றிவிடு. கழுத்தில் இரண்டு தட்டு என்றால், தண்ணீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போன சூப்பர்வைசர் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது.

அப்பா தட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள்.

அப்பா வேகமாகத் தட்டினார். பிள்ளைகளும் வேகமாகத் தட்டினார்கள்.

பிறகு கரடி மல்லாந்து விழுந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போது அவளுக்கு எட்டு வயது. உள்ளே இருப்பது தன் அப்பா என்ற பெருமையோடு முன்வரிசையில் நின்று, எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து அழுதபோதுதான் சைகையின் அர்த்தம் தெரிந்தது.

கைதட்டிய தன் கைகளை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“இதைப் போடுங்க தம்பி. எங்கப்பா பேரு செல்லக்கண்ணு. அந்த டான்ஸ் வீடியோ எல்லாத்தையும் எடுத்துருங்க.”

தினகர் உச்சுக்கொட்டினான். உண்மையாகவே வருத்தப்பட்டான், ஒரு நிமிடம் போல.

“பேரைத் தாராளமாப் போட்டுரலாம்க்கா. இறந்த விஷயம் மட்டும் வேணாமே. ஜனங்க சந்தோஷமா இருக்கத்தான் நம்ம சைட்டுக்கு வர்றாங்க. அந்த டான்ஸ்தான்க்கா சைட்டுக்கே உசுரு.”

சொல்லிவிட்டு மறுபடி பீரோ மேல் பார்த்தான்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறித் தலையை இறக்கினாள். கோபத்தைக் குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

“போட்டுப் பாக்குறீங்களா?”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செல்போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து வீடியோ பதிவை ஓடவிட்டான். அவளே தலையை மாட்டிவிட்டாள். வாரை இழுத்துக் கட்டினாள். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். காற்றாடிச் சத்தம் வீடியோவில் விழும் என்று சொல்லி அதையும் நிறுத்தினாள்.

ஆடினான். தலையில் இரண்டு. கழுத்தில் இரண்டு. நன்றாகவே ஆடினான், பாவி.

கொஞ்ச நேரத்தில் நின்றான். போதும் என்று கையைக் காட்டினான்.

அவள் நகரவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. பஞ்சும் ரெக்சினும் அதை வெளியே விடவில்லை. கைகள் முதுகுப் பக்கம் போய்த் துழாவின. கொக்கி எட்டவில்லை. தடுமாறிப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டான்.

பிறகு தட்டினான்.

தலையில் இரண்டு. கழுத்தில் இரண்டு.

இந்த முறை அவன் ஆடவில்லை.

அவள் அடுப்படிக்குப் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கரடியின் வாயில் தைத்திருந்த கறுப்பு வலை வழியாகத்தான் உள்ளே இருப்பவருக்குக் கண் தெரியும். அந்த வாய்க்கு நேராக, ஸ்டூல் மேல், செம்பை வைத்தாள்.

தலையில் இரண்டு. கழுத்தில் இரண்டு. தலையில். கழுத்தில்.

செல்போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

டான்ஸ் இன்னும் முடியவில்லை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கைதட்டினாள்.