ஊது, யாகோதா!

"பார்த்தியா? நான் எழுதின புகார் வேலை செஞ்சிடுச்சு!"

ஆஸ்பத்திரி நடையில் வுகாஷின் மனைவியின் காதைக் கடித்தான்.

எதிர் அறையில் தெசான்கா பைல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன தெசான்கா, சௌக்கியமா?" என்றாள் யாகோதா. பதில் இல்லை. மேசை மேலிருந்த ஏதோ ஒரு அட்டையை எடுத்தாள் தெசான்கா.

"திமிரைப் பாரு! வா நீ." வுகாஷின் மனைவியை இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

யாகோதாவுக்கு சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். தோலை இறுக்கிய நோய் இப்போது நுரையீரலையும் இறுக்க ஆரம்பித்திருந்தது. மாத்திரை கேட்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். ஊத வைப்பவள் தெசான்கா. போன தடவை, "ஊது! நிறுத்தாதே! இன்னும்!" என்று அவள் போட்ட கூச்சலில் கட்டடமே அதிர்ந்தது. சீக்காளியிடமா இப்படி? கொதித்துப் போன வுகாஷின், புகார்ப் புத்தகத்தில் முழுசாக ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

இன்று இருந்தது ஒரு புதுப் பெண். பேச்செல்லாம் தேன்.

"மெதுவா ஊதுங்கம்மா... அடடா, களைச்சுட்டீங்களே. போதும், போதும்."

"இவதான் மனுஷி!" என்று வுகாஷின் பூரித்துப் போனான்.

ஊதின கணக்குத் தாளைப் பார்த்த டாக்டரின் முகம் சுண்டிவிட்டது.

"போன தடவை நுரையீரல் பலம் எழுபத்தொண்ணு சதவீதம். இப்ப அறுபது. மாத்திரை கேட்கலை. மத்த மருந்தெல்லாம் பார்த்தாச்சு. இனி நுரையீரல் மாத்துறதுக்குப் பேர் எழுதி வைக்க வேண்டியதுதான்."

யாகோதா விடவில்லை.

"நான் முழுசா ஊதலை டாக்டர். பாதியிலேயே போதும் போதும்னா எவளுக்கு ஊதத் தோணும்? தெசான்காவைக் கூப்பிடுங்க."

"அவங்களா? அவங்க இப்போ..."

அதற்குள் தெசான்காவே வாசலில் நின்றாள்.

"தெசான்கா, வேண்டாம்!" என்றார் டாக்டர்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாகோதாவின் இறுகிய வாய்க்குத் தோதாகச் சின்னக் குழாயாகத் தேடிப் பொருத்தினாள்.

"இழு! நல்லா இழு! இப்போ ஊது! ஊது, யாகோதா! நிறுத்தினே, தொலைச்சிடுவேன்! அடியில ஒட்டியிருக்கிறதையும் விடு! இன்னும்! இன்னும்!"

மூன்று தடவை. மூன்றாவதில் தெசான்காவின் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது.

"எழுபத்தொண்ணு!" டாக்டர் துள்ளி எழுந்தார். "இறங்கவே இல்லை! இந்த நோயில இறங்காம நின்னாலே ஜெயிச்ச மாதிரிதாம்மா. அதே மாத்திரை போதும்!"

யாகோதா அந்தச் சின்ன வாயால் முடிந்த மட்டும் சிரித்தாள். வுகாஷினுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி, சந்தோஷம் யாருக்கோ அவர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தர வேண்டும். கடைக்கு ஓடி ரட்லுக் மிட்டாய் டப்பா வாங்கிவந்து நடை முழுக்க நீட்டினான்.

தெசான்கா மட்டும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வெற்றி மிட்டாயை வேண்டாம் என்பதா? அவனுக்குச் சுருக்கென்றது.

"இன்னும் கோபம் தீரலையா? என் புகாராலதானே உங்களைப் பைல் அடுக்க விட்டாங்க? தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க."

தெசான்கா ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு, காலையில் எடுத்த அதே அட்டையை அவனிடம் நீட்டினாள்.

'தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இந்த மாதம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.'