அப்பா மூக்கு

மேரிம் ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு தேநீர் ஊற்றினாள். நரின் நகரத்து மருமகள்களுக்குப் பிரசவ வலி வந்தால்தான் ஓய்வு.

மாமியார் பூபூசாரா பக்கத்து வீட்டுத் துர்சுனாயிடம் பெருமை அளந்துகொண்டிருந்தாள்.

“எவளோ பெத்ததைத் தூக்கிட்டு வந்து வளர்க்கிற குடும்பமா இது? எங்க ரத்தம் வேணும்.”

“பின்னே? உங்க மகனுக்கு அப்படியே அவங்கப்பா மூக்காச்சே.”

துர்சுனாய் போனதும் பூபூசாரா கதவைத் தாழிட்டாள். “தலையணை இடப்பக்கம் சரியுதுடி.”

மேரிம் சட்டென்று வயிற்றைக் கைகளால் மறைத்தாள். “அத்தை... குழந்தைகள் இல்லத்துல ரெண்டு மாசத்துல தர்றோம்னு...”

“தரட்டும். பஞ்சு வச்சா சரியத்தான் செய்யும். ஆட்டு ரோமம் அடைச்சுக் கட்டு. உன் புருஷனைத் தூக்கிட்டு வர்றவரைக்கும் நான் அதைத்தான் கட்டியிருந்தேன்.”

“அப்போ... அந்த மூக்கு?”

“அதெல்லாம் ஊரே கண்டுபிடிச்சுத் தரும்.”