வாசலில் யாரோ

நான் செய்த சத்தத்தை இன்னொருத்தன் தேடிக்கொண்டிருந்தான்.

இசையமைப்பாளரின் அக்கா மகன். இசை படித்து முடித்துப் போன வாரம்தான் வந்து இறங்கியிருந்தான். ஒரு கையில் போன், அதில் ஒரு போட்டோ. போட்டோவைப் பார்ப்பதும், என் சிந்தசைசரில் ஒரு குமிழைத் திருகுவதும், மறுபடி போட்டோவைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அது பழைய மெஷின். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. குமிழ்கள் நிற்கும் நிலைதான் சத்தம். ஒன்றைத் திருகினால் போச்சு. அதனாலேயே தினமும் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். எது எங்கே நிற்க வேண்டும் என்பது என் விரல்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சொல்ல வந்ததை மென்று விழுங்குகிற ஒரு ஆளைப் போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக இரண்டு மாதம் உட்கார்ந்தேன். தயங்கித் தயங்கிக் கிளம்பும். சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர் வாயைப் போலத் திறந்து, முழுசாகத் திறக்கும் முன்பே மூடிக்கொள்ளும். கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தொண்டையில் நிற்கும்.

கேட்டுவிட்டு இசையமைப்பாளர் எழுந்து நின்றார். அடுத்த மாதக் கச்சேரியில் இந்த மெஷின் முன்னால் நீதான் என்றார்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்ஜினியரிங் படிச்சிட்டுக் குமிழ் திருகுறாளாமே என்று அப்பாவிடம் கேட்டவர்களையெல்லாம் முதல் வரிசையில் உட்காரவைப்பதாக இருந்தேன்.

அக்கா மகன் கட்டையை அழுத்தினான். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு கத்தியது.

"என்ன மாப்ளே, பசிச்ச வயிறு மாதிரி உறுமுது" என்றார் இசையமைப்பாளர்.

"போட்டோல இருக்கற மாதிரியேதான் வெச்சிருக்கேன் மாமா."

எனக்குக் காரணம் தெரியும். நேற்று ஃபில்டர் குமிழின் மூடி கையோடு கழன்று வந்துவிட்டது. ஏதோ ஒரு பக்கமாக வைத்து அழுத்தினேன். அதிலிருந்து அதன் வெள்ளைக் கோடு காட்டுவதெல்லாம் பொய். நான் கோட்டைப் பார்த்துத் திருகுகிறவள் இல்லை, எனக்குக் காது இருக்கிறது.

"நீ வந்து பாரும்மா. அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு. கச்சேரிக்கு அவன்தானே வரப்போறான்."

ஏற்கெனவே என்னிடம் சொல்லி, நானும் தலையாட்டிவிட்டது போலச் சொன்னார்.

சவுண்ட் இன்ஜினியர் அண்ணனைப் பார்த்தேன். என்னை இந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்ததே அவர்தான். எவனும் உன்னை அசைக்க முடியாது தங்கச்சி என்பார். நான் வேலையாக இருந்தால் மெஷின் அறைக்குள் ஒரு ஈயை விடமாட்டார். டீகூட அவர் கையால்தான் வரும்.

அண்ணன் மிக்ஸரிலிருந்து நிமிரவில்லை. பாவம், என்னைவிட அவருக்குத்தான் அவமானம் என்று நினைத்தேன்.

அக்கா மகன் ஸ்டூலில் நகர்ந்து இடம் விட்டான். நல்ல பையன்தான் போலிருக்கிறது. போனை வாங்கிப் பார்த்தேன்.

என் சத்தமேதான். ஒரு குமிழ் பிசகவில்லை. ஓரத்தில் காது உடைந்த என் நீலக் கப். விளிம்புவரை டீ. நுரை இன்னும் உடையவில்லை.

டீயைச் சூட்டோடு குடித்து முடித்துவிடுகிறவள் நான். ஒரே ஒரு நாள்தான், கப் வந்ததும் அப்படியே விட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆடை படிந்திருந்தது.

ஃபில்டர் குமிழைத் தொடாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாம் போட்டோல இருக்கற மாதிரியேதான் இருக்கு சார்."

பிறகு மிக்ஸர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, போன வாரம் டீயை வெச்சிட்டு, வாசல்ல யாரோ உன்னைத் தேடி வந்திருக்காங்கன்னு சொன்னீங்களே. போய்ப் பார்த்தேன், ஒருத்தரும் இல்ல. யாருண்ணா அது?"